வேலையில் அடிபட்டால் சொக்சோவில் கோர எத்தனை நாள்? பினாங்குத் தொழிலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிறை, பாயான் லெப்பாஸ், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தொழிற்சாலையிலும் கடையிலும் லோரியிலும் வேலை செய்கிறவர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சொக்சோ, பெர்கேசோ இரண்டும் ஒன்றுதான், வேலையில் அடிபட்டவர்களுக்கும் இயலாமல் போனவர்களுக்கும் பணம் தருகிற மலேசிய அரசு அமைப்பு. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 4, இதற்கு அடிப்படை. நான் வக்கீல் இல்லை, பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுத்து கவுண்ட்டர் வரைக்கும் கூடப் போகிறவன். காலக்கெடு விஷயத்தில் நம் ஆட்கள் காரணமே இல்லாமல் பணத்தை விடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விபத்து நடந்து எத்தனை நாளுக்குள் கோர வேண்டும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொன்னால் தப்பாகிவிடும். இதில் பல கெடுக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் வேறு வேறு நாளில் தொடங்குகிறது, சிலது உங்களுக்கு, சிலது கம்பெனிக்கு. விபத்து தனக்குத் தெரிந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் கம்பெனி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் கம்பெனியிடம் முடிந்த அளவு சீக்கிரம் சொல்ல வேண்டும். கைகாலில் நிரந்தரக் குறை தங்கிவிட்டால் எம்சி (டாக்டர் தருகிற மருத்துவ விடுப்பு) முடிந்த தேதியிலிருந்து 12 மாதம் என்ற கணக்கு இருக்கிறது. மருத்துவர் குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு 90 நாள். வேலைக்குச் சம்பந்தமில்லாத நோயால் இயலாமை வந்தால் 60 வயது என்ற எல்லையும் 40 மாதக் கணக்கும் வருகின்றன. வேலையே போய்விட்டால் 60 நாள். ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன்.

48 மணி நேரம் தாண்டிவிட்டது. எச்ஆர், "லேட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். உண்மையா?

இல்லை. அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், அதிகமான ஆட்கள் ஏமாறுவதும் இங்கேதான். அந்த 48 மணி நேரம் முதலாளிக்குச் சட்டம் போட்ட கெடு. அவர் தவறவிட்டால் அவர் மேல் குற்றம், உங்கள் உரிமை அதனால் போய்விடாது. கம்பெனி தாமதமாக அறிவித்தால் ஏன் தாமதம் என்று விளக்கக் கடிதம் கேட்பார்கள், அதைக் கம்பெனி எழுதித் தர வேண்டும். கம்பெனி எதுவுமே செய்யவில்லை என்றால் நீங்களே, அல்லது உங்கள் மனைவியோ பிள்ளையோ, நேராக சொக்சோ அலுவலகத்துக்குப் போய் அறிவிக்கலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

எச்ஆர் சொல்வது எல்லா நேரமும் கெட்ட எண்ணத்தில் என்று நான் நினைக்கவில்லை. சிலருக்கு நிஜமாகவே தெரியாது. சிலருக்குத் தாமதத்துக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டிய பயம், அதனால் கோப்பை அப்படியே மூடிவிடப் பார்க்கிறார்கள். எப்படியிருந்தாலும் "லேட்" என்று முடிவு செய்கிற அதிகாரம் எச்ஆருக்குக் கிடையாது. அதை சொக்சோ சொல்லட்டும், எழுத்தில் சொல்லட்டும்.

ஆனால் ஒன்று. தாமதம் உரிமையைக் கொல்லாவிட்டாலும் ஆதாரத்தைக் கொன்றுவிடும். சிசிடிவி பதிவு சில வாரத்தில் அழிந்து மேலே வேறு பதிவு ஏறிவிடும், கூட வேலை செய்த பையன் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விடுவான், மெஷினைப் பழுது பார்த்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் போய் "இந்த விரல் அந்த மெஷினில்தான் போனது" என்று காட்ட உங்கள் கையில் என்ன இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னேன். அது கணக்கில் வருமா?

வரும். முதலாளி, அல்லது அவர் சார்பில் உங்களை வேலை வாங்குகிற போர்மேன், சூப்பர்வைசர், இவர்களிடம் வாயால் சொன்னாலும் அறிவித்ததாகத்தான் அர்த்தம். சிக்கல் எங்கே என்றால், பிறகு அவர் "என்னிடம் சொல்லவே இல்லை" என்பார். அதனால் வாயால் சொன்ன கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். பெரிய கடிதம் வேண்டாம். "அண்ணே, இன்று காலை பத்தேகால் மணிக்கு 3-ஆம் லைன் பிரஸ் மெஷினில் வலது கை ஆள்காட்டி விரல் மாட்டியது, உங்களிடம் அப்போதே காட்டினேன், இப்போது கிளினிக்குக்குப் போகிறேன்." இவ்வளவு போதும். மலாயில் போட்டாலும் சரி, தமிழில் போட்டாலும் சரி. நேரம், இடம், எந்த உறுப்பு, யாரிடம் சொன்னீர்கள் என்ற நான்கும் இருக்க வேண்டும். கூடவே காயத்தையும் மெஷினையும் ஒரு படம். போனை மாற்றும்போது அந்த உரையாடல் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமானதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டு ஆளுக்கு அனுப்பி வையுங்கள்.

கிளினிக்கில் என்ன சொல்ல வேண்டும்?

நடந்ததைச் சொல்லுங்கள், அதை டாக்டர் எழுதுகிறாரா என்று பாருங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நல்ல கோரிக்கைகள் பல இங்கேயே கெட்டுப்போகின்றன.

பிறையில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். வாசலில் விபத்தில்லாமல் கழிந்த நாள்களைக் காட்டுகிற பலகை. ஓர் அக்கா ஈரத்தரையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. கம்பெனி வண்டியிலேயே கிளினிக்குக்கு அழைத்துப்போன ஆள் கவுண்ட்டரில் முந்திக்கொண்டு "வீட்டில் விழுந்துவிட்டார்" என்றார். பதிவில் அது ஏறிவிட்டது. அக்காவுக்கு வலியில் காது கேட்கிற நிலைமையே இல்லை. பிறகு சொக்சோவுக்குப் போனபோது, முதல் மருத்துவப் பதிவில் வீடு என்றிருக்கிறதே, நீங்கள் தொழிற்சாலை என்கிறீர்களே என்ற கேள்வி வந்தது. வந்தே தீரும், கேட்பது அவர்கள் வேலை. பஞ்ச் கார்டில் அன்று காலை ஷிப்ட் பதிந்திருந்ததாலும், கூட இருந்த இரண்டு பெண்கள் எழுதிக் கொடுத்ததாலும் சரியானது. ஆனால் மாதக்கணக்கில் இழுத்தது, அந்த மாதங்களில் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினார்.

முதல் சீட்டில் டாக்டர் எழுதுகிற முதல் வரிக்கு, நீங்கள் பின்னால் எழுதுகிற பத்துப் பக்கத்தை விடப் பலம் அதிகம். "வேலையிடத்தில் நடந்தது என்று எழுதுங்கள் டாக்டர்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சொக்சோ பேனல் கிளினிக்கிலோ அரசு ஆஸ்பத்திரியிலோ வேலைக்காயத்துக்கு இலவசச் சிகிச்சை உண்டு, அதையும் கேளுங்கள்.

எனக்கு 2 நாள் எம்சிதான். இதற்கெல்லாம் சொக்சோ எதற்கு?

அறிவித்துவிடுங்கள். தற்காலிக இயலாமைப் பணம் கிடைக்க விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்சி வேண்டும் என்பது உண்மை. ஆனால் 2 நாள் எம்சியில் தொடங்கிய காயம் சீழ் பிடித்து அறுவை சிகிச்சை வரை போனதும் உண்டு. அப்போது "முதல் நாளே அறிவித்திருக்கிறேன்" என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

பணம் எவ்வளவு என்றால், உங்கள் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. சம்பள உச்சவரம்பு 2024 அக்டோபரிலிருந்து மாதம் 6,000 ரிங்கிட், அதற்கு மேல் வாங்கினாலும் கணக்கு 6,000-க்குத்தான். எம்சியில் இருக்கும்போது கம்பெனி கூப்பிட்டு "உட்கார்ந்துகொண்டு லேசான வேலை செய்" என்றால் கவனம். சம்பளத்துக்கு வேலை செய்த நாளுக்கு இந்தப் பணம் கிடையாது.

வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் விபத்து. இதுவும் வேலை விபத்தா?

ஆமாம். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே, வேலை நிமித்தமாகப் போகிற பயணத்தில், அனுமதித்த இடைவேளையில் சாப்பிடப் போய்வருகிற வழியில் நடந்தால் சட்டம் 4 ஏற்றுக்கொள்கிறது. பாகான் டாலாமிலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் விடியற்காலையில் பாலம் ஏறி பாயான் லெப்பாஸுக்குப் போகிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்! மழையில் மோட்டார் பாதையில் சறுக்கி விழுந்தாலும், பக்கத்தில் வேறு வண்டியே இல்லாவிட்டாலும், அறிவிக்கலாம். "நானாக விழுந்தேன், என் தப்பு" என்று விட்டுவிடாதீர்கள். யார் தப்பு என்பது சொக்சோவுக்குக் கேள்வியே இல்லை.

இங்கே கூடுதலாக ஒரு கெடு வருகிறது. சாலை விபத்து என்றால் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் முடியாதுதான், அப்போது டிஸ்சார்ஜ் சீட்டையும் வைத்துக்கொண்டு வெளியே வந்த உடனே செய்யுங்கள். ரிப்போர்ட்டில் "வேலைக்குப் போகும் வழியில்" அல்லது "வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில்" என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். போலீஸ்காரர் தட்டச்சு செய்து முடித்ததும் வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் பின்னால் அலைகிறார்கள்.

வழி வரைபடமும் கேட்பார்கள். வெள்ளைத்தாளில் கையால் வரைந்தால் போதும்: வீடு, எந்தச் சாலை, பாலம், தொழிற்சாலை, விழுந்த இடத்தில் ஒரு குறி. வழக்கமான வழியிலிருந்து சொந்த வேலைக்காக விலகியிருந்தாலோ, இடையில் நெடுநேரம் எங்காவது தங்கியிருந்தாலோ கோரிக்கை மறுக்கப்படலாம். வழியில் எங்காவது நின்றிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள், ஏன் நின்றீர்கள் என்றும் எழுதுங்கள். போலீஸ் ரிப்போர்ட்டில் ஓர் இடம், வரைபடத்தில் வேறு இடம் என்று வந்தால் உண்மையான கோரிக்கையும் பொய் மாதிரித் தெரியும்.

"சொக்சோ வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார் முதலாளி. நல்ல மனிதர். என்ன செய்வது?

நல்ல மனிதராகவே இருக்கட்டும், ஆஸ்பத்திரி பில்லையும் கட்டட்டும். அறிவிப்பது அவர் விருப்பம் இல்லை, கடமை. பில் இன்றோடு முடிந்துவிடும், ஐந்து வருடம் கழித்து அந்த முதுகுவலியால் லோரி ஓட்ட முடியாமல் போனால் அவர் அங்கே இருப்பாரா, கம்பெனியே இருக்குமா என்று யோசியுங்கள். "உங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது பாஸ், பதிவு மட்டும் செய்து வைத்துவிடலாம்" என்று மரியாதையாகவே கேட்கலாம். அதற்கும் மறுத்தால் நீங்களே போங்கள்.

எம்சி முடிந்து வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் விரல் முழுதாக மடங்கவில்லை.

இதுதான் அந்த 12 மாதக் கணக்கு. தற்காலிக இயலாமை முடிந்த தேதியிலிருந்து, எளிதாகச் சொன்னால் கடைசி எம்சியின் கடைசி நாளிலிருந்து, 12 மாதத்துக்குள் நிரந்தர இயலாமைக்கு மதிப்பிடச் சொல்லி விண்ணப்பியுங்கள். தானாக யாரும் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். "இன்னும் கொஞ்ச நாளில் சரியாகிவிடும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டே வருடத்தை ஓட்டிவிடுகிறார்கள். நம்மில் வலியைச் சொல்லாமல் இருப்பதே ஒரு பெருமை என்று வளர்ந்தவர்கள் அதிகம். கடைசி எம்சியைப் படம் எடுத்து, போன் நாள்காட்டியில் அந்தத் தேதிக்குப் பத்து மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

மருத்துவர் குழு உங்களைப் பார்த்து விழுக்காடு போடும். 20 விழுக்காடு வரை என்றால் மொத்தத் தொகை. அதற்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை வாழ்நாள் முழுக்க மாதாமாதம் வாங்கலாம், அல்லது முழுவதையும் மாதாமாதம் வாங்கலாம். வேலைக்குத் திரும்பி முழுச் சம்பளம் வாங்குகிறேனே, கேட்கலாமா என்றால், கேட்கலாம். குறை உடம்பில்தானே இருக்கிறது.

மருத்துவர் குழு 5 விழுக்காடுதான் போட்டது. எனக்கு நியாயமாகப் படவில்லை.

90 நாள். முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவர் குழுவுக்குப் போகலாம். இந்தப் பக்கத்தில் நான் சொல்கிற இறுக்கமான கெடுக்களில் இதுவும் ஒன்று, இங்கே விளக்கக் கடிதத்தை நம்பியிருக்காதீர்கள். கடிதம் வந்த உறையையும் சேர்த்து வையுங்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கும். பழைய முகவரிக்குப் போன கடிதம் பக்கத்து வீட்டில் கிடந்து வீணாவதும் நடக்கிறது, வீடு மாறினால் முதலில் சொக்சோவுக்குச் சொல்லுங்கள்.

மேல்முறையீட்டில் "எனக்கு நியாயமில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எலும்பு மருத்துவரின் புதிய அறிக்கை, பிசியோ பதிவு, என்ன வேலை செய்ய முடியவில்லை என்ற விவரம் (ஸ்குரூ பிடிக்க முடியவில்லை, 10 கிலோ தூக்க முடியவில்லை என்ற மாதிரி), இவைதான் விழுக்காட்டை நகர்த்தும்.

அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. முப்பது வருடம் இரைச்சலான தொழிற்சாலையில் இருந்தவர், நின்று மூன்று வருடமாகிறது. கோர முடியுமா?

முடியும் வாய்ப்பு இருக்கிறது, உடனே போங்கள். தொழில்சார் நோய்க்கு விபத்துத் தேதி என்று ஒன்று கிடையாது. சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் எந்த நோய், எந்த வேலை என்று பட்டியல் இருக்கிறது. வேலையை விட்டு 60 மாதத்துக்குள் நோய் வெளிப்பட்டால் கோரலாம். மூன்று வருடம் என்றால் 36 மாதம், இன்னும் இடம் இருக்கிறது. பழைய சம்பளச் சிலிப், எந்தப் பிரிவில் எத்தனை வருடம் என்ற விவரம், கம்பெனி எப்போதாவது எடுத்த காதுப் பரிசோதனை அறிக்கை, இவற்றைத் தேடி எடுங்கள். தோல் நோய், தூசியால் வந்த நுரையீரல் நோய் இவற்றுக்கும் இதே வழிதான். இந்த வகைக் கோரிக்கையைச் சிறப்பு மருத்துவர் குழு பார்க்கும்.

பக்கவாதம் வந்து வேலைக்குப் போக முடியவில்லை. வேலையால் வந்ததில்லை. சொக்சோவில் ஒன்றும் கிடையாதா?

கிடைக்கும். அதற்குப் பெயர் இயலாமை ஓய்வூதியம், மலாயில் பென்சென் இலாட். பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, இதய நோய், புற்றுநோய் என்று எதுவாகவும் இருக்கலாம், இனிப் பழையபடி சம்பாதிக்க முடியாத நிலை என்று மருத்துவர் குழு சொல்ல வேண்டும். அறிவிப்பு 60 வயதுக்கு முன் போய்விட வேண்டும்.

யாரும் சொல்லித்தராத இன்னொரு கெடு இதில் ஒளிந்திருக்கிறது. உங்கள் அறிவிப்பு சொக்சோவுக்குக் கிடைக்கிற மாதத்துக்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நோய் வந்த தேதியை வைத்து எண்ணுவதில்லை, அறிவிப்பு போன தேதியை வைத்து எண்ணுகிறார்கள். ஒருவர் 2023 டிசம்பர் வரை விடாமல் சந்தா கட்டிவிட்டுப் படுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 2025 மே மாதத்தில் அறிவித்தால், அதற்கு முந்தைய 40 மாதம் 2022 ஜனவரியில் தொடங்குகிறது, சரியாக 24 சந்தா இருக்கும். ஜூனில் அறிவித்தால் 23-தான் இருக்கும். ஒரு மாதம்தான் வித்தியாசம்.

நீண்ட காலம் இடைவெளியில்லாமல் வேலை செய்தவர்களுக்கு இரண்டாவது வழி உண்டு. முதலில் சந்தாவுக்கு உட்பட்ட நாளிலிருந்து அறிவிப்பு வரையுள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு கட்டியிருந்தால், அதோடு மொத்தம் 24 மாதமாவது இருந்தால், முழு ஓய்வூதியத் தகுதி இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு என்றால் குறைந்த ஓய்வூதியம். இருபது வருடம் ஒரே கம்பெனியில் இருந்தவர் இதில் தப்பித்துக்கொள்வார். அடிபடுகிறவர்கள் யார் என்றால் ஆறு மாதம் இங்கே, நான்கு மாதம் அங்கே என்று கான்ட்ராக்டில் அலைந்தவர்கள், பிள்ளை பெற்று நடுவில் நின்றுவிட்டுத் திரும்ப வந்த பெண்கள். ஏற்கெனவே சந்தாவில் ஓட்டை, அதற்கு மேல் "கொஞ்சம் தேறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஒரு வருடம் காத்திருந்தால் மொத்தமாகப் போய்விடும். டயாலிசிஸ் தொடங்கிய குடும்பங்களில் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: தேறுவதற்காகக் காத்திருக்காதீர்கள், பாரத்தைக் கொடுத்துவிட்டுத் தேறட்டும்.

நான் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து உணவகத்தில் வேலை செய்கிறேன். எனக்கும் உண்டா?

உண்டு. 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலைக்காயத் திட்டத்தில் இருக்கிறார்கள், 2024 ஜூலையிலிருந்து இயலாமைத் திட்டத்திலும் சேர்த்திருக்கிறார்கள். கொதிக்கிற எண்ணெய் கொட்டியதும் அரிசி மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்ததும் வேலைக்காயம்தான்.

தம்பிகளுக்கு நிஜமான கெடு விமான டிக்கெட்டில் இருக்கிறது. காயம் ஆறுமுன் "ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போன பிறகு இங்கேயுள்ள மருத்துவர் குழு முன்னால் எப்படி நிற்பது? விமானம் ஏறுமுன் அறிவிப்பு போயிருக்கிறதா என்று சொக்சோவிலேயே நேரில் கேட்டு, நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தாலும் அதன் படம் உங்கள் போனில் இருக்க வேண்டும்.

கம்பெனி சொக்சோவே கட்டவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

முதல் ஆளை வேலைக்கு எடுத்த 30 நாளுக்குள் முதலாளி பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு மாதச் சந்தாவையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாதது குற்றம்: 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வேலைக்காயத்துக்குக் குறைந்தபட்சச் சந்தா மாதம் என்று எதுவும் இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் கோரலாம். கட்டாத சந்தாவை சொக்சோ முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். நீங்கள் அங்கே வேலை செய்ததை மட்டும் காட்ட வேண்டும்: சம்பளச் சிலிப், வங்கியில் விழுந்த சம்பளம், சட்டையில் கம்பெனிப் பெயர் தெரிகிற படம், ஷிப்ட் வாட்ஸ்அப் குழு, எது கிடைத்தாலும் எடுத்துப் போங்கள்.

நான் உணவு டெலிவரி ஓட்டுகிறேன். முதலாளி என்று யாரும் இல்லையே.

உங்களுக்கு 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 789. டாக்சி, இ-ஹெய்லிங் (செயலி வழியே கூப்பிடுகிற கார்) ஓட்டுநர்களில் தொடங்கிப் பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. விழுந்த பிறகு கட்டினால் பயனில்லை, விபத்து நாளில் சந்தா நடப்பில் இருக்க வேண்டும். அறிவிக்க எச்ஆர் இல்லாததால் எல்லாமே நீங்கள்தான், அந்த ஆர்டரின் ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிடாதீர்கள்.

கணவர் வேலையிடத்திலேயே இறந்துவிட்டார். எங்கே தொடங்குவது?

ஆழ்ந்த அனுதாபங்கள். கருமாதி முடியட்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும், வீட்டில் ஒருவரை, தம்பியோ மைத்துனரோ, அறிவிப்புக்கு மட்டும் அனுப்புங்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அவற்றைப் பின்னால் கொடுக்கலாம். சார்ந்தோர் உதவித்தொகையில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. பிள்ளைகளுக்கு 21 வயது வரை அல்லது திருமணம் வரை, பல்கலைக்கழகத்தில் முதல் பட்டம் படித்தால் அது முடியும்வரை. ஈமச்சடங்குத் தொகையும் தனியே உண்டு. திருமணத்தைப் பதிவு செய்யாமல் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள், அப்படியென்றால் சட்ட உதவிப் பிரிவை உடனே பாருங்கள்.

கம்பெனி மேல் கேஸ் போடலாமா? அதற்கு எத்தனை வருடம்?

சட்டம் 4-இன் 31-ஆம் பிரிவு, காப்புறுதி உள்ள தொழிலாளி வேலைக்காயத்துக்காகத் தன் முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. சொக்சோ இருப்பதே அதற்குப் பதிலாகத்தான். அதனால்தான் சொக்சோ அறிவிப்பை விட்டுவிட்டு "கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்" என்று இருப்பது ஆபத்து. வெளியாள் ஒருவரின் கவனக்குறைவு என்றால் கதை வேறு. தீபகற்பத்தில் பொதுவாக 6 வருடம், இறந்தவரின் குடும்பம் போடுகிற வழக்குக்கு 3 வருடம், எதிராளி அரசுத் துறை என்றால் 36 மாதம். இதற்கு வக்கீலைப் பாருங்கள், என்னை நம்பாதீர்கள்.

அடிபட்டு எம்சியில் இருந்தேன், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இங்கே இரண்டு 60 நாள்கள் ஓடுகின்றன, இரண்டும் வேறு வேறு இடம். நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று 1967-ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் தொழிலுறவுத் துறையில் புகார் செய்ய, நீக்கிய நாளிலிருந்து 60 நாள். வேலையிழப்புக் காப்புறுதி, அதாவது எஸ்ஐபி, அதைக் கோரவும் வேலை போன நாளிலிருந்து 60 நாள், அது சொக்சோவின் கீழேயே இருக்கிறது, மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. "முதலில் காயத்துக் கேஸ் முடியட்டும்" என்று வரிசையில் நிற்க வைக்காதீர்கள், மூன்றும் ஒரே நேரத்தில் போகலாம். ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

என் விபத்து நடந்து நாலு வருடமாகிவிட்டது. அறிவிக்கவே இல்லை. போகலாமா?

போங்கள். மறுப்பதாக இருந்தால் அவர்கள் எழுத்தில் மறுக்கட்டும். அதை எதிர்த்து சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகிற வழி இருக்கிறது. அறிவிக்காமலே இருந்தால் எதிர்க்க ஒன்றும் இருக்காது. போகுமுன் விபத்தன்று போன ஆஸ்பத்திரியில் மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள், பழைய கோப்பைத் தேடி எடுக்க நாளாகும், ஆனால் நாலு வருடத்துக்கு முந்தைய தேதியோடு உங்கள் காயத்தைச் சொல்லக்கூடிய தாள் பெரும்பாலும் அது ஒன்றுதான். ஏன் தாமதம் என்று ஒரு பக்கத்தில் உள்ளபடி எழுதுங்கள். தெரியாமல் இருந்தேன், முதலாளி பார்த்துக்கொள்வதாகச் சொன்னார், எதுவோ அதை.

பாரத்தைக் கொடுத்துவிட்டேன். அப்புறம்?

கொடுத்த எல்லாவற்றுக்கும் ஒரு நகல், அந்த நகலில் சொக்சோவின் தேதி முத்திரை. முத்திரை இல்லாமல் கவுண்ட்டரை விட்டு நகராதீர்கள். கம்பெனி இணையத்தில் அனுப்பியதாகச் சொன்னால் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எல்லாத் தாளையும் ஒரே பையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள்.